பிள்ளை பிடிக்க ஓர் ஆள்

காலை ஆறே முக்காலுக்குத் துறையூர் பேருந்து நிலையத்திலிருந்து திருச்சி சத்திரம் போகும் பஸ் கிளம்பியது. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். திருச்சி இங்கிருந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். துணி எடுக்க, கண் டாக்டரைப் பார்க்க, ஸ்ரீரங்கத்தில் கல்யாணத்துக்கு என்று எத்தனையோ முறை போன வழிதான். வேலைக்கு ஆள் எடுக்கப் போவது இதுதான் முதல் தடவை.

துறையூரை அடுத்த ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் நான் கணிதத் துறைத் தலைவி. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்களைப் போன்ற கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, "எங்க காலேஜ்ல சேருங்க" என்று கேட்க வேண்டும். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பிள்ளை பிடிப்பது. எனக்கு அது கைவரவே இல்லை. நான் பேசிவிட்டு வந்த வீட்டுப் பெண் வேறு கல்லூரியில்தான் சேருவாள் என்று துறையில் கேலி உண்டு. போன வருஷம் கணிதத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

கல்லூரிச் செயலாளர் அரிசி ஆலை வைத்திருப்பவர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, இந்த வருஷமும் இப்படியே இருந்தா மேத்ஸுக்கு முதல் வருஷம் கிடையாதுங்க. அட்மிஷனுக்குன்னே தனியா ஒரு ஆள் போட்டுக்கலாம். திருச்சியில ரெண்டு பேர் வேலை கேட்டிருக்காங்க. போயிப் பாத்து ஒருத்தரை முடிவு பண்ணிட்டு வாங்க. உங்க டிபார்ட்மெண்ட்டு, நீங்களே பாருங்க."

பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் முருங்கைக்காய்க் கட்டு. எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"புள்ளைங்களைக் காலேஜுக்குக் கூப்பிடறதுக்கா? அதுக்குக்கூடச் சம்பளமா?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அவரே, "எங்க தெருவுக்கு இந்த மாசம் அஞ்சாறு காலேஜ்காரங்க கார்ல வந்துட்டாங்கம்மா. பேனா குடுக்கறாங்க, பை குடுக்கறாங்க. சேத்து விட்டப்புறம் ஒரு சந்தேகம்னு போன் போட்டா எடுக்கறதே இல்ல" என்றார். திருவெள்ளறையில் முருங்கைக்காய்க் கட்டோடு இறங்கிக்கொண்டார்.

மண்ணச்சநல்லூரில் புழுங்கல் நெல் வேகும் வாடை ஜன்னல் வழியே வந்தது. டோல்கேட் என்னும் சந்திப்பைத் தாண்டி, கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்தோம். இரண்டிலும் மணல்தான். காவிரியில் மட்டும் ஒரு ஓரமாகத் தண்ணீர் இழையாக ஓடியது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எட்டரை. ஒரு கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தென்னூருக்கு ஆட்டோ எடுத்தேன். எண்பது ரூபாய் கேட்டார். வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்ததால் நான் பேரம் பேசவில்லை.

முதல் ஆள் பிரபாகர். தென்னூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சுவரில் பல கல்லூரிகளின் போஸ்டர்கள். உள்ளறையில் இரண்டு பெண்கள் வரிசையாக யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு எலுமிச்சை ஜூஸ் வந்தது. அவர் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார்.

"மேத்ஸ் கஷ்டம்தான் மேடம். ஆனா முடியாதுன்னு இல்ல. நாப்பது சீட்டையும் ரொப்பித் தரேன். தலைக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்."

"எப்படி ரொப்புவீங்க?"

"மேத்ஸ்னு சொல்லவே மாட்டேன். டேட்டா சயின்ஸ்னு சொல்வேன். உள்ள இருக்கறது மேத்ஸ்தானே?"

"கிளாஸ்ல வந்து உட்கார்ந்ததும் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுடுமே?"

"அதுக்குள்ள டிசி உங்க ஆபீஸ்ல இருக்கும் மேடம்" என்று சிரித்தார். பள்ளியில் வாங்கும் மாற்றுச் சான்றிதழ் ஒரு கல்லூரியின் கைக்குப் போய்விட்டால், அந்தப் பெண் அவ்வளவு சுலபமாக வேறு இடம் தேட முடியாது. அதைத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க. நான் பண்ணலன்னா பக்கத்து ஆபீஸ்ல பண்ணுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து ஆள் இறக்கிடறேன்" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். செருப்பு மாட்டும்வரை காத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படியிறங்கும்போது நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பறை ஒன்று கண்முன் வந்தது. கடைசி பெஞ்சு வரை பெண்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் கசமுசா என்று பேச்சுச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

இரண்டாவது ஆளை மூன்று மணிக்குத்தான் பார்க்க வேண்டும். பஸ்ஸில் மெயின்கார்டு கேட் போய் இறங்கி மலைக்கோட்டைக் கடைவீதிக்குள் நடந்தேன். கல்யாண சீசன். துணிக்கடை வாசல்களில் நின்று, "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க, எடுக்கலன்னாலும் பரவால்ல" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் ஏறிவிட்டேன். இருபது புடவைகளையாவது பிரித்துப் போட்டிருப்பார் அந்த விற்பனைப் பெண். நான் ஒன்றும் எடுக்கவில்லை. கூசிக்கொண்டே எழுந்தேன். அவர் முகம் கோணாமல் மடித்து வைத்தார். கூப்பிடுவதில் தப்பில்லை என்று தோன்றியது. இங்கே கூவிக் கூவித்தான் விற்கிறார்கள், ஆனால் மஞ்சள் புடவையைச் சிவப்பு என்று யாரும் சொல்லவில்லை. வாங்குகிறவர்களுக்கும் கண் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு முன்னால் நாம் பிரித்துப் போடுவது அவள் கண்ணுக்குத் தெரியாத சரக்கு.

நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

ராஜகோபுரத்துக்கு எதிரே மாலதி நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். ஸ்ரீரங்கத்திலேயே வாடகை வீடு. இதற்கு முன் வேறொரு கல்லூரிக்கு மூன்று சீசன் அட்மிஷன் வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு காபிக் கடைக்கு அழைத்துப் போனார். காபி இருபத்தைந்து ரூபாய்.

அங்கே ஏன் வேலையை விட்டார் என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தபோது அவர் போன் அடித்தது.

"சொல்லுங்கக்கா… எந்தப் பேப்பர்? சரி. அரியர்னா பயப்படாதீங்க, நவம்பர்ல எழுதிக்கலாம். கடைசி தேதி முடியறதுக்குள்ள பீஸ் கட்டச் சொல்லுங்க. பொண்ணைத் திட்டாதீங்க. நான் சாயங்காலம் அவகிட்ட பேசறேன்."

வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க மேடம். நான் சேத்து விட்ட பொண்ணோட அம்மா" என்றார்.

"எந்த வருஷம் சேர்ந்த பொண்ணு?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. நான் அந்தக் காலேஜை விட்டே ஒண்ணே முக்கால் வருஷம் ஆகுது. அவங்களுக்கு அது தெரியும். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்ச நம்பர் என்னோடதுதானே? சீசன் முடிஞ்சதும் ஆகஸ்ட்ல எங்களைப் போகச் சொல்லிடுவாங்க மேடம். அந்தப் புள்ளைங்க அப்பத்தான் கிளாஸுக்குப் போக ஆரம்பிக்கும். பஸ் வரலன்னாலும் எனக்குத்தான் போன், ஹாஸ்டல்ல சண்டைன்னாலும் எனக்குத்தான் போன். அந்தக் காலேஜுக்குள்ள நான் யாரோதான், நான் போயி என்னன்னு கேக்கறது?"

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்தார். "அதனால முதல்லயே சொல்லிடறேன். ஏப்ரல்ல எடுத்து ஆகஸ்ட்ல அனுப்பற வேலையா இருந்தா எனக்கு வேண்டாங்க. நான் கூட்டிட்டு வர்ற பொண்ணு படிச்சு முடிக்கற வரைக்கும் நானும் அங்க இருக்கணும்."

நான் பேட்டி எடுக்க வந்தவள். நிபந்தனை அவரிடமிருந்து வந்தது. "மேத்ஸுக்கு எத்தனை பேர் கொண்டுவர முடியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாதுங்க மேடம். உங்க ஊர்ப் பக்கம் நான் வந்ததில்ல. வந்து பாத்தாத்தான் தெரியும்."

இருவரும் காவிரிக் கரை அம்மா மண்டபம் வரை நடந்தோம். படித்துறையில் அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுச் செயலாளருக்குப் போன் செய்தேன். பிரபாகரின் நாற்பதையும் சொன்னேன், மாலதியின் 'தெரியாது' என்ற பதிலையும் சொன்னேன். எனக்கு மாலதிதான் வேண்டும் என்றும் சொன்னேன்.

"வருஷம் பூராவா அட்மிஷன் நடக்குது? சும்மா உட்கார வச்சு எப்படிம்மா சம்பளம் குடுக்கறது? தென்னூர்க்காரரையே முடிச்சுட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.

மாலதியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "பரவால்லீங்க மேடம், நீங்க கேட்டதே பெரிசு" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் நிபந்தனையை அவர் தளர்த்தவில்லை. என்னை பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தார். திங்கட்கிழமை தென்னூரிலிருந்து ஆட்கள் இறங்கி, டேட்டா சயின்ஸ் என்று சொல்லிப் பெண்களைக் கொண்டுவந்து என் வகுப்பில் உட்கார வைப்பார்கள். முதல் நாள் நான் அவர்களிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பேன்?

நிறுத்தத்தில் நின்றபோது ஏதோ பேச வேண்டுமே என்று மாலதி கேட்டார். "உங்க காலேஜ் பஸ் எதுவரைக்கும் மேடம் வருது?"

"டோல்கேட் வரைக்கும்."

"பஸ்ல லேடி ஸ்டாஃப் யாராவது வருவாங்களா?"

"இல்லையே. டிரைவர் மட்டும்தான்."

"அதாங்க. வீட்ல அப்பாங்க எந்தப் பாடம்னு கேக்கறதைவிட, பஸ்ல யார் இருப்பாங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ஒரு பெண் ஊழியரைப் போடச் சொல்லிப் பெற்றோர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலை ஆறரைக்கே டோல்கேட்டுக்கு வர யாரும் கிடைக்காமல் அது அப்படியே நிற்கிறது. மாலதி வீட்டிலிருந்து டோல்கேட் மூன்று நான்கு கிலோமீட்டர்தான்.

"தினமும் அந்த பஸ்ல வரமுடியுமா? காலையிலயும் சாயங்காலமும்?"

அவர் யோசித்தார். "வரலாங்க. எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து விடுவார்."

அங்கேயே நின்று மறுபடி போன் செய்தேன். செயலாளர் எரிச்சலாகத்தான் எடுத்தார். ஒரே ஆள் அட்மிஷனையும் பார்ப்பார், பஸ்ஸையும் பார்ப்பார் என்றேன்.

"பகல்ல?"

"கிளாஸுக்கு வராத பொண்ணுங்க வீட்டுக்குப் பேசுவாங்க. நம்ம காலேஜ்ல பாதியில நின்னுபோறது எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியும் ஐயா."

ஆலையில் மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "சரி, வரச் சொல்லுங்க. ஆனா டீச்சரம்மா, மேத்ஸுக்கு ஆள் வரலன்னா அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நிக்க மாட்டேங்க."

சொல்லிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. மாலதியிடம் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மேத்ஸ் படிச்சா என்ன வேலைன்னு வீட்ல கேப்பாங்க மேடம். இருக்கறதை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். இருட்டும்வரை நான் துறையூர் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்ல நிறையவே இருந்தது. இவ்வளவு வருஷத்தில் யாரும் அதை வரிசையாகச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டதில்லை.

மே முடியும்வரை மாலதி ஊர் ஊராக அலைந்தார். சில நாள் நானும் போனேன். அவர் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஒரு வீட்டில், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண் வைத்திருந்த பெண்ணிடம், "முதல்ல அங்க அப்ளிகேஷன் போடும்மா" என்றே சொன்னார். எனக்குப் பக்கென்றது. அந்தப் பெண் அங்கேதான் சேர்ந்தாள். கடைசியில் கணிதத்துக்குப் பதினாறு பேர் வந்தார்கள். செயலாளர் பாராட்டவில்லை. முதல் வருஷ வகுப்பை மூடச் சொல்லவும் இல்லை. சேர்ந்தது கணிதத்தில்தான் என்று பதினாறு பேருக்கும் தெரிந்திருந்தது.

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஸ்ரீரங்கம் போய்த் தங்கினேன். மறுநாள் காலை டோல்கேட்டில் எங்கள் கல்லூரி பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். மாலதி முன் இருக்கையில் இருந்தார். கணிதத்தில் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி மெதுவாகச் சொன்னார். முதல் நாள் அவளுடைய அப்பா தன் மொபெட்டில் கல்லூரி வாசல் வரை பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தாராம். "உள்ள வாங்கண்ணே, கிளாஸைப் பாத்துட்டுப் போங்க" என்று மாலதி கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினாராம். இரண்டாம் நாள் திருவெள்ளறை வரை. நேற்று அதற்கும் முன்னாலேயே, மண்ணச்சநல்லூரோடு திரும்பிவிட்டாராம்.

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன மேடம் சொல்றது? பாக்கட்டும்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மொபெட் வந்து நின்றது. பெண் இறங்கி ஓடிவந்து ஏறினாள். டிரைவர் இன்னும் இரண்டு பேருக்காகக் காத்திருந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அப்பா, மாலதி உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். வந்த வழியே வண்டியைத் திருப்பினார். பஸ் கிளம்பும்வரைகூட நிற்கவில்லை.