தலைமாட்டு வலப்பக்கம்

ரோஸ்விதா தச்சன் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் தச்சு வேலை நின்று இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கொலோன் நகரத்துக்குத் தெற்கே மலையில் இருக்கும் ஹோன்ஷைட் ஊரில் வீட்டுப் பேர் அப்படித்தான். ஆட்கள் போவார்கள், பேர் போகாது. அடுத்த வீடு ஆலை வீடு. அங்கே ஆலை எந்தக் காலத்தில் ஓடியது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி சுமப்பதில் அண்டை வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று முறை உண்டு. ஆலை வீட்டில் சாவு விழுந்தால் பெட்டியைச் சுமக்கும் ஆறு பேரில் தலைமாட்டு வலப்பக்கம் தச்சன் வீட்டுத் தோள். ஆலை வீட்டு நிக்கோலாஸைச் சுமந்தது பேட்டர். நிக்கோலாஸின் மகன் செவெரின் போனபோது சுமந்தது பேட்டரின் மகன் தியோடோர், ரோஸ்விதாவின் மாமனார். அன்று தியோடோருக்கு நல்ல காய்ச்சல். தம்பி லீன்ஹார்ட் "நான் பிடிக்கிறேன்" என்று வந்து நின்றான், தியோடோர் விடவில்லை. பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துதான் படுத்தார். கல்யாணமான வருஷமே மாமியார் இதையெல்லாம் ரோஸ்விதாவுக்குச் சொல்லி முடித்துவிட்டாள். தன் மகன் எவால்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

எவால்ட் கருங்கல் குவாரியில் எடை மேடைக்காரன். லாரி வரும், ஏறும், எவால்ட் எண்ணைப் பார்ப்பான், லாரி போகும். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தே பிழைத்தவன். மலைக்கு அந்தப் பக்கம் பந்தய வளையம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதை வளையம் என்றால் போதும். இங்கிலாந்துக்காரனும் ஹாலந்துக்காரனும் பந்தயக் கார்களை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், காசு கட்டி வளையத்தில் சுற்றுவார்கள், மறுபடி ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் விடுதியில் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைப்பது ரோஸ்விதாவின் வேலை. ஈர விரிப்பு மூட்டையைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறுவாள். புருஷனைவிட ஒரு பிடி உயரம்.

ஐம்பது தாண்டியதும் எவால்டுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, அப்பன் வைத்துப்போன பைன் மரக்காட்டை விற்று அப்படி ஒரு காரை வாங்கினான். அதோடு விட்டானா? சாராயக் கடையில் நாலு பேர் நடுவில் நின்று, "இழுவண்டில ஏத்திட்டு வர்றவன் எல்லாம் ஆம்பளையா? நான் இதுலதான் வேலைக்குப் போவேன், இதுலதான் பூசைக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டான். பீர் இறங்கிய பிறகும் சொன்ன சொல் இறங்கவில்லை.

மஞ்சள் கார். பின்னால் துணி தேய்க்கும் பலகை மாதிரி ஓர் இறக்கை. பின் சீட் இருக்கவேண்டிய இடத்தில் இரும்புக் குழாய்க் கூண்டு. முன்னால் இரண்டு வாளிகள். அவற்றைத்தான் சீட் என்று விற்றிருந்தார்கள். உள்ளே கதவைத் திறக்கப் பிடி கிடையாது, ஒரு சிவப்பு நாடா. எடை குறைக்கவாம். இருந்த ரேடியோவையும் எவால்ட் கழற்றினான். கழற்றியதும் குவாரிக்குக் கொண்டுபோய் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தான். பழைய எண்ணே நின்றது. கருங்கல் லாரியை நிறுக்கிற மேடைக்கு ரேடியோவா தெரியும்? லாரிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "மாப்ள, நீ கொஞ்சம் இறங்கு, இப்பப் பாரு" என்றான் ஒருவன். எவால்ட் இறங்கினான். எண் தடதடவென்று கீழே வந்தது. காரிலிருந்து அரைக் கிலோவைக் கழற்ற ராத்தூக்கம் கெட்டவன், தன் இடுப்பைச் சுற்றித் தொங்கியதை ஒருநாளும் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டு வாசல் மேட்டில் காரின் மூக்கு இடிக்கும். அதற்காக இரண்டு பலகை. காலையில் ரோஸ்விதா பலகை போட வேண்டும், கார் வெளியே போனதும் எடுத்து வைக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி போட வேண்டும். உருளைக்கிழங்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். நாய் ஒரு தடவை ஏறியது. அடுத்த தடவை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஆலை வீட்டுக்குள் ஓடியது. பனி விழுந்தால் அந்த டயர் வெண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். எவால்ட் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்ப, ரோஸ்விதா பின்னால் நின்று தள்ளுவாள். இறக்கையில் கை வைக்காதே, வளைந்துவிடும் என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

இந்தக் கூத்தையெல்லாம் ஆலை வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள். செவெரினின் விதவை காதரீனா. எண்பது தாண்டியும் பல்லும் நாக்கும் சொந்தமாக இருந்தன.

"ஏண்டா எவால்டு, இது காரா, மூடி போட மறந்த பெட்டியா? படுத்துக்கிட்டுல்ல போற?"

"பெரியம்மா, இது பந்தயத்துக்குன்னே செஞ்சது. உங்களுக்குப் புரியாது."

"பந்தயத்துக்குச் செஞ்சத எதுக்குடா ரொட்டி வாங்க ஓட்டிட்டுப் போற? ரொட்டிக்கடைக்காரி எங்கயும் ஓடிப்போகல. போன மாசந்தான் முட்டி ஆபரேஷன் பண்ணிருக்கா."

இரண்டாவது குளிர்காலத்தில் எவால்டின் முதுகு போய்விட்டது. அந்தக் காருக்குக் கீழே அதிர்வு தாங்கும் வில் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. ரோட்டில் கிடக்கும் குவாரிச் சல்லி ஒவ்வொன்றும் நேராக முதுகெலும்பில் வந்து கேட்கும். சாயங்காலம் வந்ததும் கதவைத் திறந்து முதலில் காலை வெளியே தள்ளுவான். பிறகு உருண்டு கையை ஊன்றுவான். முற்றத்துக் குழாயைப் பிடித்து எழுந்து, முகம் கழுவ வந்தவன் போல் நிற்பான். சில நாள் அதுவும் முடியாது. அப்போது ரோஸ்விதா அக்குளில் கை கொடுத்து இழுப்பாள். வைத்தியரிடம் போகச் சொன்னால், குவாரி நாற்காலி சரியில்லை என்பான். ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். ஜன்னல் இருக்கிறதே.

"என்னைத் தூக்குற அன்னிக்கு நீ எந்திரிப்பியாடா?" என்று ஒருநாள் காதரீனா நேராகவே கேட்டுவிட்டாள். "இல்ல, அந்த அஞ்சு பேரும் மொதல்ல உன்னைத் தூக்கணுமா?"

எவால்டின் காது சிவந்தது. "எங்கப்பா தூக்கினாரு, எங்க தாத்தா தூக்கினாரு. நானும் தூக்குவேன் பெரியம்மா."

"நான் எங்க பாக்கப்போறேன். ரோஸ்விதா பாத்துட்டு வந்து சொல்லுவா."

ரோஸ்விதா சிரிக்கவில்லை. காட்டை விற்றதைப் பொறுத்துக்கொண்டாள். பலகை போட்டாள், பனியில் தள்ளினாள். தலைமாட்டு வலப்பக்கம் ஆளில்லாமல் ஆலை வீட்டுப் பெட்டி எழும்பாமல் நின்றால், அந்த அவமானத்தை எந்தப் பலகை போட்டும் தாண்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச்சு மாதம், குளிருக்கு மூடியிருந்த வளையம் திறக்கப்போகிற வாரத்தில், காதரீனா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஆலை வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அலோய்ஸ். தெருவில் யார் செத்தாலும் துக்கம் சொல்வது அவன் முறை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தச்சன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"சனிக்கிழமை காலைல பூசை. தங்கச்சி, ஒளிக்காம சொல்லு. மாப்ள தூக்குவானா? முடியாதுன்னா லீன்ஹார்ட் பேரனக் கூப்பிடுறேன். அவனும் உங்க ரத்தந்தான்."

எவால்ட் அடுக்களையிலிருந்து கத்தினான். "அவன் எந்த வீட்ல குடியிருக்கான்? தச்சன் வீடு நான்தான். என் தோளுக்கு என்ன கேடு?"

"தோளப் பத்தி யாரு மாப்ள கேட்டா" என்றான் அலோய்ஸ். பேரனைக் கூப்பிடவும் இல்லை. தூக்குவேன் என்று எவால்ட் சொல்லிவிட்டானே.

அன்று ராத்திரி ரோஸ்விதா ஒன்றே ஒன்று கேட்டாள். "சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கார்ல ஏறாதீங்க. முதுக நிமிர விடுங்க. அப்பறம் அதுலயே குடியிருங்க, நான் கேக்கல."

எவால்ட் சரி என்றான். இரண்டு நாள் லாரிக்காரர்களோடு தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. குழாயைப் பிடிக்காமல் நின்றான். ரோஸ்விதா அவனுடைய கறுப்புக் கோட்டை நீராவி வைத்துத் தேய்த்து மாட்டினாள்.

சனிக்கிழமை விடிந்தது. வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. குவாரிச் சாவியை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான் எவால்ட். கோட்டைப் போட்டுக்கொண்டே போனான். அவள் கிழவி வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். பலகைகள் சரியும் சத்தம் கேட்டது, அவனே போட்டுக்கொண்டிருக்கிறான். அவள் வெளியே ஓடி வந்தபோது அந்த இறக்கை திருப்பத்தில் மறைந்துவிட்டது. குவாரி இடப்பக்கம். கார் வலப்பக்கம் போனது. வளையம் அன்றைக்குத்தான் திறந்திருந்தது.

ஒரே ஒரு சுற்றுதானாம். பின்னால் அப்படித்தான் சொன்னான். வளையத்தில் ஒரு வளைவு கான்கிரீட் தொட்டி மாதிரி உள்ளே சரிந்திருக்கும். நல்ல முதுகுக்காரனுக்கே பல் ஆடும். இவன் சாவுக் கோட்டோடு அதற்குள் விழுந்து எழுந்தான்.

கோயிலில் பூசை முடியும் தறுவாயில், பாதிரிச் சாமி இறந்தவளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே அந்த உறுமல் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சாமி ஒரு நிமிஷம் நிறுத்தினார். ஊர் முழுக்க ரோஸ்விதாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

பெட்டி வாசலுக்கு வந்தது. மரக்கட்டில் மேல் வைத்தார்கள். அலோய்ஸோடு ஐந்து பேர் அவரவர் இடத்தில் நின்றார்கள். தலைமாட்டு வலப்பக்கம் காலி. படிக்கட்டுக்குக் கீழே மஞ்சள் கார். அதற்குள் எவால்ட், மார்பில் குறுக்கும் நெடுக்கும் வார் கட்டி, கறுப்புக் கோட்டில், நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வேர்வை.

அலோய்ஸ் குனிந்தான். அந்தக் காருக்குள் பார்க்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் குனியத்தான் வேண்டும். "வா மாப்ள. எல்லாரும் நிக்கிறாங்க."

"ஒரு நிமிஷம்."

"நேரமாச்சு."

"கால் வரல அலோய்ஸ். கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சு... இடுப்புக்குக் கீழ பூட்டிக்கிச்சு. யாருக்கும் சொல்லாத."

பின்னால் ஊரே நின்றது. யாருக்குச் சொல்ல? அலோய்ஸ் நிமிர்ந்து, லீன்ஹார்ட் பேரன் எங்கே என்று கூட்டத்தில் தேடினான். கூப்பிடாதவன் எதற்கு வருவான்? அவன் கொலோனில் கால்பந்து பார்க்கப் போயிருந்தான்.

ரோஸ்விதா படியிறங்கி வந்தாள். கைப்பையையும் பூசைப் புத்தகத்தையும் ஜன்னல் வழியாக எவால்டின் மடியில் போட்டாள்.

"நீ எதுக்கு..." என்று ஆரம்பித்தான் எவால்ட்.

"வச்சுக்கிட்டு உக்காருங்க. அதுதான் உங்களுக்கு வரும்."

திரும்பிப் போய்த் தலைமாட்டு வலப்பக்கம் நின்றாள். பொம்பளை பெட்டி தூக்கி அந்த ஊர் பார்த்ததில்லை. சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தச்சன் வீட்டுத் தோள்தானே சாமி" என்றான் அலோய்ஸ். "வீடு மாறலயே."

சாமி, முன்னால் சிலுவை பிடித்து நின்றவனுக்குத் தலையசைத்தார். ஆறு பேரும் குனிந்தார்கள், எழுந்தார்கள். பெட்டி ஒரு பக்கமும் சாயவில்லை. அவள் உயரம் அலோய்ஸின் உயரத்துக்குச் சரியாக இருந்தது. எவால்டாக இருந்தால் தோளில் அட்டை வைத்துத்தான் ஈடுகட்டியிருக்க வேண்டும். காரை ஒட்டித்தான் வழி. ஊர்வலம் அதன் கூரைக்கு மேலே பார்த்தபடி கடந்து போனது. நின்று கேட்டவர் ஒருவருமில்லை.

குழியில் இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டு, சத்திரத்தில் சாவுக் காப்பியும் மாவு உதிரி தூவிய கேக்கும் இரண்டு சுற்று வந்த பிறகுதான் அலோய்ஸுக்கு ஞாபகம் வந்தது. "தங்கச்சி, அவன் இன்னும் அங்கதான் இருக்கானா?"

"எங்க போவான்" என்றாள்.

பெட்டி சுமந்த மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாரை அவிழ்த்து, இரண்டு பேர் அக்குளிலும் இரண்டு பேர் தொடையிலும் கை கொடுத்து, ஒருவன் கூண்டுக் குழாயில் தலை இடிக்காமல் பிடித்து, எவால்டைக் கால் முன்னால் வர வெளியே எடுத்தார்கள். கைப்பையை அவன் விடவில்லை. காதரீனா கேட்ட கேள்வி ஐந்து பேருக்கும் தெரியும். ஜன்னலில் நின்று கத்திக் கேட்டவளாயிற்றே. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவால்டுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரோஸ்விதா எழுந்து வரவில்லை. மூன்றாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டாள். வலது தோளில் பெட்டியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. தொடச் சொல்லி யாரிடமும் காட்டவில்லை.

எவால்ட் அந்தக் காரை இன்றைக்கும்தான் ஓட்டுகிறான். முதுகுக்கு ஒரு தலையணை சேர்ந்திருக்கிறது. பலகையை அவனே போட்டுக்கொள்கிறான். அந்த வருஷக் கடைசியில் அலோய்ஸின் அம்மா போனாள். அலோய்ஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தச்சன் வீட்டு முற்றத்துக்கு வந்தான். எவால்ட் காருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுச் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அலோய்ஸ் அவனைத் தாண்டி அடுக்களை வாசலில் போய் நின்றான்.

"செவ்வாய்க்கிழமை தங்கச்சி. கால்மாட்டு இடப்பக்கம்."

"வந்துடுறேன்ண்ணே" என்றாள் ரோஸ்விதா.