டிரெசர் பாஸ்கலும் இரண்டடிப் பந்தும்

என் வீட்டுக்காரர் பாஸ்கலைப் பற்றி யாராவது கேட்டால் நல்ல மனிதர் என்று முதலில் சொல்வேன். அடுத்த மூச்சில் வீம்பு பிடித்த மனிதர் என்றும் சொல்வேன். இரண்டும் உண்மை. மலேசியாவில், சித்தியவான் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரெசராக இருந்தார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ் எல்லாம் அந்த ஒரே ஆள்தான். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவார், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவார், பிள்ளைகளுக்கு ஊசி போடுவார். நிஜ டாக்டர் எப்போதாவது காரில் வருவார், டீ குடிப்பார், போய்விடுவார்.

அவர் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். அங்கிருந்து படித்து, வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டையோடு அதே லயத்து முன்னால் வந்து நின்றவர். அதனால் தனக்கு வராதது ஒன்று இருக்கிறது என்று லயத்துக்காரர்கள் பார்த்துவிடவே கூடாது என்பார். பாட்டு வராது, அதனால் தேவாலயத்தில் வாயை மட்டும் அசைப்பார். நான் கெர்ட்ரூட், ஈப்போ நகரத்துச் சிலிபின் பக்கத்துக்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதருக்கு வந்த வெட்கத்தில் பாதி என் தலையிலும் விழுந்தது. அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எழுபதுகளின் நடுவில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போனதில் ஒன்று கோல்ஃப் திடல். ஒன்பது குழி. நாலா பக்கமும் ரப்பர் மரம், நடுவில் புல். அதுவரை எங்கள் ஆட்கள் அதற்குள் புல் வெட்டத்தான் போயிருந்தார்கள். புதிதாக வந்த துரை, அதாவது தோட்ட மேனேஜர், மலாய்க்காரர், வயது குறைவு, எல்லோரோடும் சிரித்துப் பேசுவார். ஆபீஸ் ஆட்களும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மறுவாரமே என் வீட்டுக்காரர் யாரோ போட்டுவிட்டுப் போன மட்டைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

முதல் அடி அவருக்குப் பிரமாதமாக வந்தது. பொய் சொல்லக் கூடாது. பந்து மரத்துக்கு மேலே ஏறிப் போவதைப் பார்க்க, ரப்பர் பால் வாளியோடு வருகிற பெண்கள்கூட நின்றுவிடுவார்கள். "அடேங்கப்பா, டிரெசரய்யா அடியப் பாருடி!" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் சாயங்காலமானால் திடலுக்குப் போய் அதே அடியை அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். அங்கே சின்ன மட்டையால் மெல்லத் தட்ட வேண்டும். இரண்டடி தூரம்தான் இருக்கும். நான் என் செருப்பால் தள்ளினாலும் உள்ளே போகும். அவருக்கோ கை வெடவெடவென்று ஆடும். பந்து குழியை ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்.

"அந்தச் சின்னதக் கொஞ்சம் பழகுங்களேன். யாருகிட்டயாச்சும் கத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"பெருசே வந்திருச்சு, சின்னது வராதா? தானா வரும்லா."

தானாகவா வரும்? குனிந்து நின்று தட்டித் தட்டித் தவற விடுவதை நாலு பேர் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருடம் தொழிலாளர் தினத்தில் துரை ஒரு கோப்பைப் போட்டி வைத்தார். சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆபீஸ் ஆட்கள் எல்லாம் வந்தார்கள். லீவு நாள். லயமே திரண்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. கடைசிக் குழிக்கு வரும்போது என் வீட்டுக்காரரும் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் கிளார்க்காக, இருந்த ஜெயபாலனும் சமம். ஜெயபாலன் ஆடி முடித்துவிட்டார். இவர் பந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதே இரண்டடி. தட்டி உள்ளே போட்டால் கோப்பை.

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். கால்சட்டையில் கையைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். கை ஆடியது எனக்கே தெரிந்தது. பந்து குழியைத் தாண்டிப் போனது. திரும்பி அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார், இந்தப் பக்கம் வந்தது. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவன், "டோய், டிரெசருக்குக் கை ஆடுதுடோய்!" என்று கத்தினான். முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பும் நின்றுபோயிற்று. சிரித்திருந்தால் தேவலை. ஐயோ பாவம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெயபாலன் கோப்பையை வாங்கும்போது இவரும் கை தட்டினார். வீட்டுக்கு வந்து, அந்த மே மாத வெக்கையில், எல்லாச் சன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்த வினை அங்கே முடியவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. மேல் லயத்துக் காளியம்மா தன் மகள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இவர் ஊசியை எடுத்ததும் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. நாங்க சித்தியவானுக்கே போயிக்கிறோம். போன தடவயே புள்ளைக்குக் கை வீங்கிருச்சு. இப்ப ஒங்களுக்குக் கையும் ஆடுதுன்னு பேசிக்கிறாங்க."

அவள் போனதும் இன்னும் சிலர் வரிசையிலிருந்து நழுவினார்கள். இவர் வீட்டுக்கு வந்து என்னிடம், "கை ஆடுதுன்னு சொல்லிட்டா, கெர்ட்ரூட். எம்மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா" என்றார். அவள் சொன்னதில் அந்த ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. என் காதிலும் அதுதான் விழுந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊசி பிடிக்கும்போது அவர் கை கொஞ்சமும் ஆடியதில்லை. பந்துக்கு முன்னால் மட்டும்தான் அந்தக் கேடு.

ஈப்போவில் என் அண்ணன் விசாரித்து, லியோங் என்று ஒரு சீனரைக் கண்டுபிடித்தார். கோல்ஃப் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். போகச் சொல்லி நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் போக ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"தோட்டத்துல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. ரெண்டடிப் பந்தத் தட்டுறதுக்கு டிரெசரு ஈப்போ போயி டியூஷன் படிக்கிறாருன்னு தெரிஞ்சா, நான் தூக்குப் போட்டுக்க வேண்டியதுதான்."

சனிக்கிழமை சனிக்கிழமை மட்டையைப் பழைய பேப்பரில் சுற்றி, குடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் சில தடவை போனேன். லியோங் குள்ளமான ஆள், வாயில் எந்நேரமும் பல்குச்சி. முதல் நாள் இவர் அந்தப் பெரிய அடியை அடித்துக் காட்டினார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுதான் வருதே, அதுக்கு எதுக்குப் பஸ் ஏறி வந்தே? வராததக் காட்டு" என்று மலாயில் சொன்னார். இவர் குனிந்தார், கை ஆடியது, பந்து விலகியது. இவர் முகம் சிவந்து என்னைப் பார்த்தார்.

"கெனாப்பா மாலு?" என்று கேட்டார் லியோங். ஏன் வெட்கம்? "எல்லாரும் இப்படித்தான். வர்றத ஊர் பாக்க அடிக்கிறான். வராதத மூடி வச்சுக்கிறான்."

இடது கையை வலது கைக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். பந்து போகும் இடத்தைப் பார்க்காதே, தட்டின இடத்தையே பார், அது குழியில் விழும் சத்தம் காதில் விழட்டும் என்றார். இதையே ஒவ்வொரு வாரமும், ஒரே இடத்தில் நின்று, முதுகு பிடித்துக்கொள்ளும் வரை. கோல்ஃபைப் பாடம் படித்துப் பழகினால் வருமா என்று இன்றைக்கும் சில பேர் கேட்கிறார்கள். வரும். வராததை எடுத்துப் பழகினால் வரும். நான் கண்ணால் பார்த்தேன்.

தோட்டத்திலோ கதை வேறு மாதிரி வளர்ந்தது. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஆஸ்பத்திரிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஒரு எனாமல் கிண்ணத்தைச் சாய்த்து வைத்து, சிமெண்ட் தரையில் பந்தைத் தட்டிப் பழகுவார். வெளியே டங் டங்கென்று கேட்கும். கதவைத் தட்டினால் திறக்க நேரமாகும், திறந்தால் வேர்த்து வழிய நிற்பார். போதாததற்குச் சனிக்கிழமை ஈப்போ பஸ். ஊர் சும்மா இருக்குமா?

ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் கருப்பம்மாள் ஒரு நாள் கடையில் என்னை ஓரமாக இழுத்தாள். "அக்கா, அண்ணனுக்கு ஈப்போவுல எந்த டாக்டரு பாக்குறாரு? நரம்புத் தளர்ச்சின்னு சொல்றாங்க. சில பேரு சம்சு குடிச்சுட்டுத்தான் கதவப் பூட்டிக்கிறாருன்னு சொல்றாங்க. நான் நம்பலக்கா."

"நம்பாதவ எதுக்குடி கேக்குற?" என்று கத்தினேன். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இந்த மனிதர் என்ன செய்துகொள்வாரோ என்று விழுங்கிக்கொண்டு வந்தேன். ஒளித்துப் படித்த பாடம் எங்களைக் குடிகாரக் குடும்பமாக்கிவிட்டது. தேவாலயத்துக்குப் போகவே கூசியது.

கடைசியில் தொழிற்சங்கத் தலைவர் உடையப்பன் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பிள்ளைகள் விஷயம். துரை இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார், உடையப்பனும் அங்கே இருந்தார். நானும் விடாமல் கூடவே போனேன். துரை தன்மையாகத்தான் பேசினார். உடம்பு சரியில்லையென்றால் சொல், அரசாங்க டாக்டரிடம் காட்டலாம், அதுவரை நீ ஊசியைத் தொட வேண்டாம் என்றார். ஊசியைத் தொடாத டிரெசர் எதற்கு? ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் பேரும் நிற்கும். இவர் வாயைத் திறக்கவில்லை. நரம்பு வியாதிக்காரன் என்று பேர் வாங்கினாலும் வாங்குவார், கோல்ஃப் படிக்கப் போனேன் என்று சொல்ல மாட்டார்.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றேன். அப்போதும் இல்லை. நானே என் அரைகுறை மலாயில் போட்டு உடைத்தேன். இவர் ஈப்போ போவது கோல்ஃப் படிக்க, அந்தக் கடைசித் தட்டு வராததால் படிக்க, வேறு ஒரு எழவும் இல்லை!

துரை முதலில் விழித்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். உடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "ஆளுங்க நம்ப மாட்டாங்க, டிரெசர். கண்ணால பாக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலமே திடலில் கூடினார்கள். லயத்தில் ஒருவர் பாக்கியில்லை. துரை பந்தை இரண்டடியில் வைத்தார். இவர் இடது கையைக் கீழே பிடித்துக் குனிந்தார். தட்டினார். டொக். துரை இன்னொரு பக்கம் வைத்தார். டொக். தள்ளி வைத்தார், சரிவில் வைத்தார், பேச்சுக் கொடுத்தார். எல்லாம் உள்ளே போயின. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். உடையப்பன் முன்னால் வந்து, "கை ஆடல. தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சுக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் காளியம்மா கூட்டத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றை உயர்த்தி, குனிந்து உள்ளே வந்தாள். பாப்பா இடுப்பில் இருந்தது.

"அப்ப இதுக்குத்தான் ஈப்போ போனீங்களாய்யா? இந்தப் பந்து உள்ள போவணும்னு?"

"ஆமாம்மா" என்றார் இவர், சிரிப்பு மாறாமல்.

"நீங்க ஊசி குத்தினா எங்க புள்ளைங்களுக்கு எல்லாம் கை வீங்குது. கட்டி கட்டியா நிக்குது. ராத்திரியெல்லாம் அழுவுதுங்க. கேட்டா, ஊசின்னா வலிக்கும்னு சொல்லுவீங்க. சித்தியவான் நர்ஸம்மா குத்தினா எம்புள்ளைக்கு ஒரு செவப்புகூட இல்ல. பந்து உள்ள போவலன்னு வெக்கப்பட்டு, பஸ்ஸேறிப் போயிக் கத்துக்கிட்டு வந்தீங்க. இதுக்கு ஒரு நாளாச்சும் வெக்கப்பட்டிருக்கீங்களா?"

அவள் சொன்னது அத்தனையும் எனக்குத் தெரிந்ததுதான், என் பிள்ளைகளுக்கே வீங்கியிருக்கிறது, நான்தான் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

துரைக்குத் தமிழ் தெரியாது. இன்னும் சிரித்த முகமாக, அந்த அம்மா என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார். உடையப்பன் தொண்டையைச் செருமினார், ஆனால் சொல்லவில்லை. கிராணிமார் தரையைப் பார்த்தார்கள். துரை மறுபடி கேட்டார். என் வீட்டுக்காரர் மட்டையைக் கீழே வைத்தார். அவர்தான் துரைக்கு மலாயில் சொன்னார். வீங்கியது, கட்டியானது, ராத்திரி அழுதது, ஊசி என்றால் வலிக்கும் என்று தான் சொன்னது, தான் பந்துக்கு வெட்கப்பட்டது, இதற்கு ஒரு நாளாவது வெட்கப்பட்டதுண்டா என்று அவள் கேட்டது, எல்லாவற்றையும் ஒன்றுகூட விடாமல் சொன்னார்.