உப்பு இருக்கா?

என்னிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிற கேள்வி அது. மரக்காணம் உப்பளங்களில் உப்பை வாங்கி, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற கான்ட்ராக்டர் நான். போனை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் "உப்பு இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காதில் விழுந்ததும் என் வாய் தானாக "இருக்கு" என்று சொல்லிவிடும்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் என் மனைவி. கூனிமேட்டிலிருந்து எனக்கு லாரி அனுப்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆபரேஷனுக்காக லாரிகளை விற்ற பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. "உங்களுக்கு எதனா ஆச்சுன்னா நாம எத விக்கிறது?" என்றாள். விற்க எங்களிடம் வீடு ஒன்றுதான் இருந்தது. சம்பளக்காரனாக இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அரசுக் காப்பீட்டு அட்டை கேட்கப் போனால், பேங்க் லோனுக்காக வருமானத்தை ஏற்றிக் காட்டியது குறுக்கே வந்து நின்றது.

எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் உண்டு. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் போதும், என் உடம்பை விசாரிப்பான். ஈர உப்பைக் காய்ந்த உப்பு என்று என் தலையில் கட்டப் பார்ப்பவர்களோடு காலம் தள்ளுகிறவன் நான். காரணமில்லாமல் யாராவது அக்கறை காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். முதுகுவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவேன் என்றதும், "அதெல்லாம் எழுத வேணாம்ணா" என்றான். நாளைக்கு மறைத்ததையே காட்டிப் பணம் இல்லை என்று கைவிரிக்க மாட்டார்களா? அவனைக் கழற்றிவிட்டு, நேராகக் கம்பெனிக்கே போன் போட்டேன்.

மறுநாள் சென்னையிலிருந்து கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். அளத்தில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. பேர், வயது எல்லாம் கேட்டாள். சுகர் இருக்கா என்றாள், இல்லை என்றேன்.

"உப்பு இருக்கா சார்?"

"இருக்குதும்மா."

"எத்தன வருஷமா?"

என் தொழிலை இவள் எதற்கு இப்படி நோண்டுகிறாள் என்று தோன்றியது. "எங்க அப்பா காலத்துலேருந்தே இருக்குது" என்றேன்.

"அப்பாவுக்கும் இருந்துச்சா சார்?"

"அவருக்கு என்னவிட அதிகம்மா."

கீபோர்டில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். குரலில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே மெசேஜ் வந்தது. சிறுநீரகக் கோளாறு இருப்பதால் பாலிசி தர இயலாதாம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏஜென்ட்தான் கோள் மூட்டியிருக்கிறான் என்று முடிவுகட்டி அவன் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பெண்ணிடம் என்ன பேசினேன் என்று பொறுமையாகக் கேட்டான். நான் சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணா, அவங்க கேட்டது ரத்தத்துல இருக்கிற உப்பு. கிட்னி கெட்டா ஏறுமே, அது." நானும் சிரித்துவிட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன், பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றான் ஏஜென்ட்.

அவன் சொன்ன லேபுக்கு நான் போகவில்லை. அவனுக்கும் லேப்காரனுக்கும் என்ன கணக்கோ. பாண்டிச்சேரிக்குப் போய் எடுத்தேன். உப்பு கூடியிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைத்து, மனைவிக்குக்கூடச் சொல்லாமல் திண்டிவனத்தில் இன்னொரு முறை எடுத்தேன். அங்கேயும் அதேதான்.

வெயிலில் நிற்கும்போது எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். முதுகுவலி மாத்திரை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஆரம்பம்தான், கிட்னியைக் கெடுக்கிற அந்த மாத்திரையை இப்போதே நிறுத்தினால் சமாளித்துவிடலாம் என்றார். எழுந்திருக்கும்போது, "அப்பாவுக்கும் இருந்துச்சா?" என்றார்.

அப்பாவின் கால்கள் கண் முன்னால் வந்தன. கடைசிக் காலத்தில் வீங்கிப் பளபளவென்று கிடந்தன. உப்புத் தண்ணியில நின்ன கால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அவரை ஒரு டாக்டரிடம்கூடக் காட்டாமல் அனுப்பிவைத்துவிட்டோம். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அதே பெண். நான் உப்பு வியாபாரி என்பது தெரியாமல் தப்பாகப் பதிந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். "இல்லைன்னு மாத்திடவா சார்? நீங்க சொன்னா போதும்."

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தையில் வீடு தப்பித்துவிடும் என்று ஆசை வந்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்று சந்தேகமும் கூடவே வந்தது. நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, இந்தப் பேச்சையும் அந்த ரிப்போர்ட்டுகளையும் கம்பெனிக்காரர்களே எடுத்து நீட்டிப் பணம் இல்லை என்பார்கள்.

"மாத்தாதம்மா" என்றேன். "நீ எழுதினது எல்லாமே சரிதான். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு."