பாபலிக்னோஸ் வீட்டுத் தண்டபாணி

இந்த நாட்டில் எல்லோரும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தால், கையில் ஐபேடுடன் ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, "மிஸ்டர் செங்கோடன்?" என்று பொதுவாகக் கூவும். நான் எழுந்து போவேன். என் பெயர் தண்டபாணி. செங்கோடன் என்பது திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டு, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா. அவர் காதுபட அவர் பெயரைச் சொல்ல எங்கள் தெருவில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. 'டிரைவருங்க' என்றுதான் சொல்வார்கள். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, நியூ ஜெர்சியில் சூயிங்கம் மென்றுகொண்டே ஒரு பெண் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவருக்குப் பதிலாக நான் போய் வாயைத் திறந்து காட்டுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. அங்கே நான் செ. தண்டபாணி, அப்பா ஒரு எழுத்தாகச் சுருங்கி, பேசாமல் முன்னால் உட்கார்ந்திருப்பார். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்தார்கள். இங்கே வந்ததும் அதுவே 'லாஸ்ட் நேம்' ஆகிவிட்டது. என் மனைவி சாந்தாமணிக்கும் பையன் அரவிந்துக்கும் நம் வழக்கப்படி என் பெயர்தான் பின்னால் வரும். ஆக ஒரே வீட்டில் நான் செங்கோடன், அவர்கள் இருவரும் தண்டபாணி. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் குடும்பத்தோடு உங்களுக்கு என்ன உறவு?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

சாந்தாமணியின் கஷ்டம் வேறு மாதிரி. அவள் கோபிசெட்டிப்பாளையத்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை வாயால் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் 'ஏனுங்க'தான். எம்.எஸ்ஸி. படித்தவள், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரிகளை முந்திக்கொண்டு கார் ஓட்டுபவள். "பேரைச் சொன்னா புருஷன் ஆயுசு குறையும்னு நீயுமா நம்பறே?" என்று கேட்டால், "நம்பறதுமில்லீங்க, சொல்றதுமில்லீங்க" என்பாள். ஆனால் அவளுடைய லாஸ்ட் நேமே நான்தானே? எந்தக் கவுண்டருக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். அவள் எழுத்தெழுத்தாகச் சொல்லுவாள்: டி, எச், ஏ, என், டி. எழுத்துக்கூட்டினால் பெயர் சொன்னதாகாது என்பது அவளாக இயற்றிக்கொண்ட சட்டம். "இதை எப்படி உச்சரிப்பது?" என்று கேட்பார்கள். "நீங்களே சொல்லுங்கள்" என்பாள். அவர்கள் எதையோ சொல்லுவார்கள். இவள் சரி என்று தலையாட்டிவிடுவாள்.

ஒருமுறை பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கணவர் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்க, இவள் என்னைக் கையால் காட்டினாள். பெயர் என்ன என்று திரும்பக் கேட்க, திரும்பவும் காட்டினாள். நர்ஸ் என்னைக் காப்பி வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, சாந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக உணர்கிறீர்களா?" என்று மெல்லக் கேட்டாராம். "இருக்கிறேன். அலாரம் வைத்திருக்கிறோம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு முழுக்க அந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இப்படி, இருக்கிற பெயரே போதும் போதும் என்று நாங்கள் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் பாபலிக்னோஸ் குடும்பம் எங்கள் வாழ்வில் வந்தது. அரவிந்துக்குப் பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கும் எலேனி என்ற கிரேக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பெண்ணின் அப்பா ஸ்டாவ்ரோஸ் அங்கேயே ஒரு டைனர் வைத்திருக்கிறார். டைனர் என்றால் நம்மூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்நேரமும் திறந்திருக்கிற ஓட்டல் மாதிரி. இட்லி இருக்க வேண்டிய இடத்தில் முட்டை இருக்கும். நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாகப் போய், சிவப்பு ரெக்சின் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் வந்து கை குலுக்கி, "ஸ்டாவ்ரோஸ் பாபலிக்னோஸ். இந்தப் பெயர் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது" என்றார். வணக்கம் சொல்லுகிற மாதிரிதான் அதையும் சொன்னார்.

பெயருக்கு வரலாறு உண்டு. 'பாபா' என்றால் பாதிரியார். 'லிக்னோஸ்' என்றால் விளக்கு. அவர்களுடைய தீவில், பாறை உச்சியில் ஒரு சின்னக் கோயில். கடலில் போகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று அங்கே விடிய விடிய விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட ஒரு பாதிரியாரின் வம்சமாம் இவர்கள். "பாதிரியாருக்கு ஏதுங்க வம்சம்?" என்று சாந்தாமணி என் காதைக் கடித்தாள். கிரேக்கப் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று அரவிந்த் தமிழும் இங்கிலீஷுமாக விளக்கினான். அதற்குள் ஸ்டாவ்ரோஸின் மனைவி டெஸ்பினா குறுக்கிட்டார். அவர் அதே தீவில் பக்கத்து ஊர்க்காரர். "எங்கள் ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். விளக்குக்கு ஊற்றக் கொடுத்த எண்ணெயை அந்தப் பாதிரியார் வெளியில் விற்றாராம். ஊரார் வைத்த பட்டப்பெயர் இது." ஸ்டாவ்ரோஸ் அதைக் காதில் வாங்காமல் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

அந்தக் காலத்தில் ஸ்டாவ்ரோஸ் எந்த ஊருக்குப் போனாலும், தன் பெயர்க்காரர் யாராவது உண்டா என்று, தங்குகிற அறையில் முதல் வேலையாக டெலிபோன் டைரக்டரியை எடுத்து 'பி' எழுத்தைத் தேடுவாராம். இப்போது இன்டர்நெட்டில் தேடுகிறார். ஒருவரும் இல்லை. தீவில் இருந்த சித்தப்பா பிள்ளையில்லாமல் போய்விட்டார். ஆஸ்திரேலியாவில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார்; ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வாயில் நுழையவில்லை என்று பெயரைப் 'பாபஸ்' என்று வெட்டிவிட்டார். அன்றோடு அவருடன் பேச்சு நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது இவர்தான். இவருக்கு எலேனி ஒரே பெண்.

"உங்கள் செங்கோடன் எப்படி? அபூர்வமா?" என்று கேட்டார்.

"திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்."

"எல்லோரும் உங்கள் வம்சமா?"

"இல்லை. அவர்களை எனக்குத் தெரியாது. அது என் அப்பா பெயர். அவ்வளவுதான்."

"உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர்?"

"அது என் தாத்தா பெயர். ராக்கியப்பன்."

"அவருடைய குடும்பப் பெயர்?"

"அவருடைய அப்பா பெயராக இருக்கும். எனக்குத் தெரியாது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியானால் உங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெயர் அழிகிறது."

"ஆமாம்."

"யாரும் அழுவதில்லையா?"

"இல்லை. எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை" என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன். விளக்கும் கடலுமாக ஒருவர் அளந்துகொண்டிருக்கும்போது, ஒன்றுமில்லாதவனுக்கு அலட்சியம் தவிர வேறு என்ன இருக்கிறது? ஆனால் இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வேன் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரவிந்த் பிஸ்கட்டவே ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோசை சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, மேரேஜுக்கு அப்புறம் நான் எலேனியோட லாஸ்ட் நேமை எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

"ஏன், நம்ம பேருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. அவங்க நேம் இதோட ஃபினிஷ். நம்மளோடது ஃபேமிலி நேமே இல்லைன்னு நீங்கதானே அங்கிள்கிட்ட சொன்னீங்க? இட்ஸ் ஜஸ்ட் யுவர் நேம்."

ஜஸ்ட் யுவர் நேம். அவன் தப்பாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப்பொடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் தட்டில்தான் பாதித் தோசை அப்படியே கிடந்தது. இத்தனை வருஷம் எனக்கு லாஸ்ட் நேம் என்று ஒன்று இருப்பதாகவே நான் நினைத்ததில்லை. அதைப் பையன் வேண்டாம் என்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது. ஸ்கூல் சர்டிபிகேட்டில், டிரைவிங் லைசென்ஸில், ஆபீஸ் கதவில் என்று அவன் போன இடமெல்லாம் நான் பின்னால் போயிருக்கிறேன். இனிமேல் போகமாட்டேன். எனக்கு அது வலித்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சாந்தாமணியிடம் புலம்பினேன். "பெத்து வளர்த்தவன் பேரை ஒருத்தன் எடுத்துட்டு வேற பேரை ஒட்டிக்குவானா? நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்கப்பா பேரு ராமசாமிங்க. கல்யாணத்தன்னைக்கு வரைக்கும் எம்பேரோடதான் இருந்தாரு. அவரை எடுத்துட்டு உங்களை ஒட்டுனப்ப யாருங்க ஒரு வார்த்தை சொன்னாங்க?"

நான் புல் வெட்டப் போய்விட்டேன். போன வாரம்தான் வெட்டியிருந்தது.

கல்யாணம் இரண்டு முறை நடந்தது. ஒருமுறை நம் முறைப்படி தாலி, ஒருமுறை அவர்கள் முறைப்படி இருவர் தலையிலும் கிரீடம். ஆங்கிலத்தில் சம்பந்திக்குச் சொல் கிடையாது. கிரேக்கத்தில் உண்டு. 'சிம்பெத்தெரோஸ்' என்று ஸ்டாவ்ரோஸ் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு அரவிந்த் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போய் அரவிந்த் பாபலிக்னோஸ் ஆகித் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவன் பெயரைப் பார்க்கிறவர்கள் ஆளைப் பார்த்து, ஆளைப் பார்க்கிறவர்கள் பெயரைப் பார்த்து விழிக்கிறார்கள். அவனுக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. அவனுக்குப் பார்சல் அனுப்பும்போது முதல் பெயரை மட்டும் எழுதி, வீட்டு நம்பரைப் போட்டுவிடுவேன். போய்ச் சேரத்தான் செய்தது.

பிறகு எலேனிக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டாவ்ரோஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் ஏதோ இழவு சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது.

"என் பெயரை வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் எங்கள் வழக்கப்படி முதல் ஆண் குழந்தைக்கு அப்பாவின் அப்பா பெயர். அது நீங்கள்."

"பரவாயில்லை. எங்களுக்கு அது ஒரு பொருட்டு இல்லை" என்றேன். பழக்கதோஷம்.

"எனக்குப் பொருட்டு" என்றார். "கடைசிப் பெயரை நான் எடுத்துக்கொண்டேன். முதல் பெயரையும் எடுத்துக்கொண்டால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள். சொல்லிக்கொடுங்கள், நான் சரியாகச் சொல்லவேண்டும். டண்டபானி?"

"தண்டபாணி."

நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் முகத்தை மாற்றாமல் நின்றேன். உள்ளுக்குள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. நம் பக்கமும் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது உண்டுதானே? ஆனால் அரவிந்திடம் அதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

சாந்தாமணிதான் பதறினாள். "வேற பேரு வைக்கச் சொல்லுங்க. நான் எப்படீங்க அவனைக் கூப்பிடறது?" நம்மூராக இருந்தால் வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர் வைத்துச் சமாளித்திருப்போம். இங்கே அதற்கும் வழியில்லை. பகலில் குழந்தையை விட்டுவைக்கிற டேகேரில் 'டேனி' என்று சுருக்கப் பார்த்தார்கள். ஸ்டாவ்ரோஸ் நேரில் போய், ஆஸ்திரேலியத் தம்பியின் கதையை முழுக்கச் சொல்லி, சுருக்கக்கூடாது என்று கண்டித்துவிட்டு வந்தார். ஆகவே தண்டபாணி பாபலிக்னோஸ் என்றால் முழுசாகத் தண்டபாணி பாபலிக்னோஸ்தான். இன்டர்நெட்டில் தேடினார், வேறு ஒருவரும் இல்லை. "இப்போது நீங்களும் அபூர்வம்" என்று எனக்குக் கை கொடுத்தார். சாந்தாமணி மட்டும் அவனைக் 'கண்ணு' என்றே கூப்பிட்டுவந்தாள். அவன் பாதி நேரம் திரும்பமாட்டான். கண்ணு என்றால் பாட்டி கொஞ்சுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். பதில் சொல்ல வேண்டிய பெயர் வேறு என்றும் தெரியும்.

போன சனிக்கிழமை பேரனை எங்களிடம் விட்டிருந்தார்கள். மான்மவுத் ஜங்ஷனில் இந்தியன் கடைக்குப் போயிருந்தோம். கடைக்கு வெளியே பார்க்கிங்கில் நான் காரின் டிரங்கைத் திறந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சாந்தாமணி ஒரு கையில் கறிவேப்பிலைப் பையும் ஒரு கையில் அவனுமாக நின்றிருந்தாள். அவன் கையை உதறிக்கொண்டு ஓடினான். எதிர் வரிசையில் ஒரு பெரிய வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. "கண்ணு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். "கண்ணு, கண்ணு." அவன் திரும்பவில்லை.

"தண்டபாணி, நில்லுடா."

கோபிசெட்டிப்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். அவன் அப்படியே நின்றான். அந்த வண்டியும் நின்றது. ஓட்டிவந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, மார்பில் கையை வைத்துக்கொண்டார். சாந்தாமணி ஓடிப்போய் அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கறிவேப்பிலை தார்த்தரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. திரும்பி வந்தபோதுதான், வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல், பேரன் தலையைத் தடவிக்கொண்டே, "உங்களையில்லீங்க" என்றாள்.

"தெரியும்" என்றேன். ஆனாலும் அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி, அவள் நில்லுடா என்றபோது நின்ற இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.