தலை மாறிப் படுத்த பெருமாள்

என் பெண்ணின் பையை உதறினபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு மரக்கட்டை விழுந்தது. அதில் நம்ம பெருமாள் பள்ளிகொண்டிருந்தார். சன்னதியில் நின்றால் நமக்கு இடப்பக்கம் தெரிகிற திருமுடி, இதில் வலப்பக்கம் இருந்தது. கீழே "ரங்கா" என்ற பேரைக்கூடத் திருப்பிப் போட்டுச் செதுக்கியிருந்தது. பேரைத் திருப்பி எழுதுகிறது யார் வேலையென்று நான் பிறந்த மண்ணச்சநல்லூரில் குழந்தைக்கும் தெரியும். செய்வினை வைக்கிறவர்கள் வேலை.

கட்டையும் உளியும் கொடுத்தது டீச்சரம்மா. அறுபதுகளில் எங்கள் அடையவளஞ்சான் தெருவுக்குக் குடிவந்த டிராயிங் டீச்சர். தனி ஆள். நெற்றியில் திருமண்ணும் கிடையாது, விபூதியும் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் தெருவில் உள்ள பெண் பிள்ளைகளைக் கூட்டி, மரத்தில் செதுக்கி மை தடவித் தாளில் அச்செடுக்கச் சொல்லித்தருவார். "அடுத்தவங்க படத்தைப் பாக்காதீங்க, உங்க வீட்டு முறத்தைப் பாருங்க" என்பார். ஊரான் பிள்ளைகள்மேல் இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு முதலிலேயே உறுத்தல்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பெண்ணும் போகவில்லை.

டீச்சரம்மாவே வீட்டுக்கு வந்தார். "பொண்ணுக்கு உடம்பு முடியலைங்களா?"

கட்டையை முன்னால் வைத்தேன். "பெருமாளை இப்படிப் பண்ணலாமாங்க?"

அவர் சிரிக்கவில்லை. குங்குமம் கேட்டு வாங்கி, எண்ணெயில் குழைத்துக் கட்டையில் தடவி, காலண்டர் தாளின் பின்பக்கம் அழுத்தி எடுத்தார். திருமுடி இடப்பக்கம் வந்திருந்தது. பேரும் நேராக இருந்தது. "திருப்பிச் செதுக்கினாத்தான் நேரா விழும். இது சொல்லாமலே புரிஞ்சது உங்க பொண்ணுக்குத்தான். அவளை நிறுத்திடாதீங்க" என்றார்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அது சரி, அந்தம்மா கேட்டுச்சுன்னு குங்குமத்தை எதுக்குடி எடுத்துக் குடுத்தே?"

அந்தக் கேள்வி என்னையும் அரித்தது. இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை என் பெண்ணை நானே கூட்டிப்போனேன், ஆனால் காப்பாக அவள் பாவாடை முடிச்சில் பெருமாள் துளசியை வைத்துக் கட்டியிருந்தேன். அவள் குனிந்து உட்கார்ந்தபோது அது அவிழ்ந்து விழுந்தது. டீச்சரம்மாவுக்குப் புரியாமல் இருக்குமா? குனிந்து எடுத்தார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.