அம்மா வீட்டில் இருந்த குற்றம்

நான் என் புருஷனைக் கைவிட்டுப் போய்விட்டேன் என்பது, கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு டெசர்ஷன் என்று பெயர். மும்பையில், தாராவியில் தமிழ் மீடியம் முனிசிபல் பள்ளியில் படித்தவள் நான். செம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசிப் பேசிக் கற்ற ஆங்கிலம்தான் எனக்கு. அதில் ரூட் கெனால் உண்டு, டெசர்ஷன் கிடையாது.

இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வக்கீல் ஒரு மராத்திக்காரப் பெண், என்னைவிட இளையவர். இந்தியில் பொறுமையாக விளக்கினார். தக்க காரணம் இல்லாமல், புருஷனின் சம்மதம் இல்லாமல், திரும்பி வரும் எண்ணமும் இல்லாமல் மனைவி தொடர்ந்து இரண்டு வருடம் பிரிந்திருந்தால் அது டெசர்ஷன். அதைக் காட்டியே விவாகரத்து கேட்கலாம். வீட்டை விட்டு ஏன் போனீர்கள் என்று கேட்டார். போகவில்லை, அனுப்பினார்கள் என்றேன். யார் என்றார். சொல்ல ஆரம்பித்தபோதே எனக்குக் கொதித்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்கள். அம்மன் கோயிலை ஒட்டி ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். குழாயடிச் சண்டை முதல் புருஷன் பெண்டாட்டி சண்டை வரை அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். போலீஸ், கோர்ட்டு என்று போகிறவர்களை அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். என் புருஷனான அந்த ஆள் குடித்துவிட்டு வந்து என் கையை முறுக்கிய வாரம், நானும் அடக்கமான பெண்ணாகச் சங்கத்துக்குத்தான் போனேன்.

தலைவர் அண்ணாச்சி இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு என்னிடம், "நாங்க பேசி முடிக்கது வரைக்கும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஒங்கம்மா வீட்டுல போயி இரிம்மா. நாங்க சொல்லும்போது வந்தாப் போதும்" என்றார்.

இது எங்கள் வழக்கம். பஞ்சாயத்து முடிகிற வரை பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டும். நடுவில் அவளாகத் திரும்பிப் போனால் சங்கத்தை மதிக்காதவள் என்று பெயர். அந்த ஆளும் அங்கே உட்கார்ந்து சரி சரி என்று தலையாட்டினான். நான் மகளோடு கோவண்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன்.

பிறகு பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆடியில் இந்தப் பேச்சு வேண்டாம் என்றார்கள். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்று பாதிப் பேர் ரயில் ஏறினார்கள். ஒரு பெரியவர் இறந்தார், அவர் வீட்டுக் காரியம் முடியட்டும் என்றார்கள். மழைக்கு அறைக்குள் தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வாரம் தலைவர் இல்லை, தலைவர் இருந்த வாரம் அவர்கள் வரவில்லை. நான் கோவண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, வாசலில் நின்று, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். ஒருமுறை பொறுக்க முடியாமல், நானே வீட்டுக்குப் போய்விடட்டுமா என்று கேட்டேன். "அவசரப்படாதம்மா, பேசிக்கிட்டுத்தான இருக்கோம்" என்றார் அண்ணாச்சி. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அதைக் கணக்கு வைத்திருந்தது அந்த ஆளின் வக்கீல் மட்டும்தான்.

நோட்டீஸில் கஸ்டடி என்றும் இருந்தது. வீட்டை விட்டுப் போனவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தகுதி இல்லை, மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், விக்ரோலியில் இருக்கும் தன் தாய் பார்த்துக்கொள்வாள் என்று கேட்டிருந்தான். எங்கள் பக்கம் கஸ்டடி என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான். எட்டு வயது மகள் கோர்ட்டு வராந்தாவில் அதைக் கேட்டுவிட்டு, "என்னயப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களாம்மா?" என்றாள். அதெல்லாம் மாட்டார்கள் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, வீடு போய்ச் சேரும் வரை அவள் கையை நான் விடவில்லை.

வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உங்களைப் போகச் சொன்னவர்களில் ஒருவர் கோர்ட்டுக்கு வந்து அதைச் சொல்லட்டும், டெசர்ஷன் நிற்காது, அது போனால் பிள்ளையைக் கேட்கிற வாதமும் சப்பென்று ஆகிவிடும் என்றார். இவ்வளவுதானே என்று நம்பிக்கையோடு சங்கத்துக்குப் போனேன்.

"சங்கத்து ஆளு கோர்ட்டுப் படி ஏறுனா நமக்கு என்னம்மா மரியாத?" என்றார் அண்ணாச்சி.

"நீங்கதான அண்ணாச்சி போகச் சொன்னிய?"

"சொன்னோம், ஒன் நல்லதுக்குத்தான் சொன்னோம். அதுக்காவ சாட்சிக்கு வரணுமா? அவங்கிட்ட இன்னொரு தடவ பேசிப் பாக்கோம். வார ஞாயித்துக்கெழம வா."

அறையில் இருந்த ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒருவர் செல்போனை நோண்டினார். ஒருவர் செருப்பைத் தேடினார். "இத்தன பேரு சேந்துதான என்ன அனுப்புனிய, இப்போ ஒருத்தருக்கும் வாயில்லையா?" என்று கேட்டேன். பொம்பள இங்க வந்து சத்தம் போடக் கூடாது என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் குடித்தனத்தைப் பற்றி இரண்டு வருடம் ஓயாமல் பேசிய வாய்கள் அவை. எனக்காக ஒரு வரி சொல்ல வேண்டும் என்றதும் அடைத்துக்கொண்டன. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்து, கோர்ட்டில் சமரசம் பேசுகிற அறைக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே அந்த ஆளின் தரப்பு ஒரு பேரம் பேசியது. டெசர்ஷனை நான் எதிர்க்காமல் விட்டால் மகளை என்னிடமே விட்டுவிடுவார்களாம். அவனுக்கு அக்சஸ் மட்டும் போதுமாம், அதாவது அவ்வப்போது வந்து பிள்ளையைப் பார்த்துப் போகிற உரிமை. இருவரும் சம்மதித்தே பிரியலாமே என்றார் என் வக்கீல். அது முடியாது என்றார்கள். அவனுக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது. குற்றம் முதல் மனைவிமேல் என்று தீர்ப்பில் இருந்தால்தான் அந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்.

வக்கீல் என்னை வெளியே அழைத்துப் போய், எதிர்த்து நடத்தலாம், பெரும்பாலும் ஜெயித்துவிடலாம் என்றார். பெரும்பாலும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். சாட்சிக்கு ஒரு நாதி இல்லாதவள் நான். பெரும்பாலும் என்பதை நம்பி மகளைப் பணயம் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாக அந்த ஆள் நீதிபதி முன்னால் சொன்னான். குறுக்கு விசாரணை உண்டா என்று நீதிபதி கேட்டார். எதிர்த்துக் கேட்காமல் விட்டால் அவன் சொன்னதே நின்றுவிடும் என்று வக்கீல் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். அவர் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

மகள் என்னிடம் இருக்கிறாள். தீர்ப்பில் நான் புருஷனைக் கைவிட்டவள்.

இந்த வருடக் கொடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு தாராவி அம்மன் கோயிலுக்குப் போனேன். பொங்கலிடும் வரிசையில் எனக்கு இடம் கிடையாது என்று தடுத்தார்கள். யார் சொன்னது என்றேன். அண்ணாச்சியைக் கைகாட்டினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நாங்க என்னம்மா செய்ய? புருசன விட்டுட்டுப் போனவன்னு கோர்ட்டே எழுதிட்டுதே" என்றார்.

அவர் எதிரிலேயே மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். அங்கிருந்து என்னைப் போகச் சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை.