மூன்றாவது அழைப்பு

தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளைப் பிடித்து, மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டிப் பார்க்கிறார்களாம். மனச்சிதைவு நோய் வந்தவர்களுக்கு எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்க முடியாமல் போகிறதே, அதற்கு இது உதவுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். உறுதியாக இன்னும் எதுவும் சொல்வதற்கில்லையாம். சமீபத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தொண்ணூறுகளில், மைசூரில் எங்கள் வீட்டில், அதே வேலையை வெறும் வாயாலேயே முடித்துவிடலாம் என்று கிளம்பியவள் நான். செய்த லட்சணத்தை எழுதிவிடுகிறேன்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை என்பதால் நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது எல்லாம் மைசூர்தான். அண்ணன் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தபோது அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஒன்றரை வருஷம் வீடே அல்லாடியது. பிறகு மாத்திரையில் குரல்கள் அடங்கின. அத்துடன் நோய் போய்விட்டது என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

போகவில்லை. அவனுக்கு ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் ஒரு எழுத்துப் பிழை கண்ணுக்குத் தப்பாது. மனுஷ முகம் மட்டும் பிடிபடாது. எதிரில் இருப்பவர் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாரா, கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. சொன்ன சொல்தான் அவனுக்குக் கணக்கு.

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் யார் வாசலில் வந்து நின்றாலும் "ஊட்டா மாட்கொண்டு ஹோகி" என்பாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். "ஆய்த்து", சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு நாம் நகர வேண்டும். அண்ணன் நகரவில்லை, உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாளும் போனான். இரண்டாவது வாரம், உங்கள் வீட்டில் சமைக்கவே இல்லையா என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே குத்திக் காட்டினாள். அண்ணன் பொறுப்பாகப் பதில் சொன்னான். "அம்மா சமைச்சிருக்காங்க. ஆனா உங்க வீட்டு ரசம்தான் நல்லா இருக்கு."

அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு மானம் போனது. அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, மூக்கு நுனியில் கோபம் வேறு. அண்ணனை உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஒரு தடவை கூப்பிட்டா மரியாதைக்கு. ரெண்டாவது தடவையும் மரியாதைக்குத்தான். மூணாவது தடவையும் கூப்பிட்டாதான் நிஜம், தெரிஞ்சுதா? அது வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது."

"மூணு தடவை" என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எதிர்வீட்டுக்குப் போகவில்லை. அப்பாடா என்றிருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மாவுக்கு அவள் கவலை. "தலைக்குக் கரண்ட் வெப்பாங்களாமே டாக்டர், அது வெச்சா மனுஷங்க முகம் புரிஞ்சுடுமா?" என்று கேட்டாள்.

"அது வேற விஷயத்துக்கும்மா. இதுக்கு இப்போ மாத்திரையும் இல்லை, மெஷினும் இல்லை" என்ற டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ரூல் கத்துக்கொடுத்திருக்கீங்க. ரூல் எல்லார்கிட்டயும் ஒண்ணா நடக்காது. தினம் பத்து நிமிஷம் கூட உக்காந்து, இவங்க முகம் எப்படி இருக்கு, ஏன் அப்படி இருக்குன்னு பேசிப் பழக்குங்க. அவசரப்படாதீங்க."

நான் நான்கு நாள் பழக்கினேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, எதிரில் நிற்கிற ஒரு பெண்ணைக் காட்டி, அந்தம்மா முகத்தில் என்ன தெரிகிறது என்று கேட்பேன். "மூக்குத்தி" என்பான். முதல் நாள் சிரித்தேன். நான்காம் நாள் கத்தினேன். ஐந்தாம் நாள் கல்யாணப் புடவை எடுக்கப் போக வேண்டியிருந்தது. பிறகு டாக்டரே அந்தப் பேச்சை எடுத்தபோதும் நான்தான் தட்டிக் கழித்தேன்.

என் கல்யாணப் பத்திரிகையை மைசூர் மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்தோம். உரிமையாளர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க அண்ணனைத் தனியாக அனுப்பினார் அப்பா. மூன்று மொழியிலும் மொத்தம் ஏழு பிழை கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். வேறு ஏதும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கல்யாணமாகி நான் பெங்களூர் போனேன். அம்மாவின் கடிதங்களில் ஒரே புலம்பல். அண்ணன் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான், ஒரு வேலை கிடைத்தால் மனுஷனாகிவிடுவான், யார் கொடுப்பார்கள் இவனுக்கு? அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்து அலுத்துப்போனார்.

ஏழு மாதம் கழித்து என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை அதே அச்சகத்தில் அடிக்கலாம் என்று மைசூருக்கு வந்து அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். பிழை பார்க்கும் மேசையில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். உரிமையாளர் அண்ணனைப் பார்த்ததும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"உங்க பத்திரிகையத் திருத்தினப்பவே சொன்னேனுங்க. நாளையில இருந்து வந்துருங்க தம்பி, இந்த வேல உங்களுக்குத்தான்னு. பத்து நாளு பாத்தேன், தம்பி எதிர்ல வந்து நின்னதோட சரி, உள்ள வரலீங்க. நம்ம கடை புடிக்கலயாட்ட இருக்குதுன்னு வேற ஆளப் போட்டுட்டனுங்க."

ஆர்டரை அப்படியே விட்டுவிட்டு அண்ணனின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். சந்து முழுக்க ஸ்கூட்டரும் ஆட்டோவும். மூட்டை அடுக்கியிருந்த ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

"ஏன் போகலை? வேலை பிடிக்கலையா?"

"பிடிச்சிருந்தது. ஆனா அவர் ஒரு தடவைதான் கூப்பிட்டார்" என்றான். குறை சொல்லும் குரல் இல்லை. "இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுவாரான்னு மூணு நாள் இங்கேயே எதிர்ல வந்து நின்னேன். என்னைப் பார்த்தார். கூப்பிடலை. அப்போ மரியாதைக்குச் சொன்னதுதானேன்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

அந்த மனிதர் எதையும் ஒரு தடவை சொல்கிறவர். சொன்னால் சொன்னதுதான். என் அண்ணனை வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள். அவர் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் யாருக்கும் அது விளங்கியிருக்கும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவன் வேதமாகப் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் வெயிலில் இந்த இடத்தில் நின்றிருக்கிறான். பத்து நிமிஷம் என்று டாக்டர் கேட்டார். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

"தப்பு என்னோடது அண்ணா. நான் உனக்குத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடு" என்றேன். தெரு என்றும் பார்க்காமல் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் என் முகத்தையே உற்றுப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அவனும் முயற்சி செய்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"இதை நிஜமா சொல்றியா, மரியாதைக்குச் சொல்றியா?" என்று கேட்டான்.

என் கண்ணீர் முகவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.